படத்தில் தெரிவதெல்லாம் நோயா? எம்.ஆர்.ஐ. வந்த கதை

இந்த எபிசோடை என் முதுகுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கக் குனிஞ்சேன். நிமிர முடியல. இடுப்பிலிருந்து வலது கால் வரைக்கும் ஒரு இழுப்பு. ரெண்டு வாரம் தைலம், வெந்நீர் ஒத்தடம், யூடியூப் யோகா எல்லாம் ஓடுச்சு. மூணாவது வாரம் பொறுமை போயிடுச்சு. டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே, தெரிஞ்சவங்க மூலமா நானா போய் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டேன். வாட்ச், பெல்ட், சாவி, பர்ஸ் எல்லாத்தையும் வெளியே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. உள்ளே போய்ப் படுத்தா மூக்குக்கு ஒரு சாண் மேலே பிளாஸ்டிக் கூரை. அப்புறம் அந்தச் சத்தம். டக் டக் டக் டக், கொஞ்சம் அமைதி, திடீர்னு டர்ர்ர்ர்னு யாரோ சுவரைத் துளைக்கிற மாதிரி. இருபது நிமிஷம்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எல்4 – எல்5 டிஸ்க் பல்ஜ். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு கொஞ்சம் வெளியே புடைச்சிருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் கூகுள் பண்ணி, எனக்கு நானே ஆபரேஷன் வரைக்கும் போயிட்டேன்.

அந்த ரிப்போர்ட் என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த மெஷினோட கதை. அதை உருவாக்கினவங்க நடுவிலும் இதே கேள்விதான் ஓடிக்கிட்டு இருந்தது: ஒரு இயந்திரம் உடம்புக்குள்ளே பார்த்து, இதுதான் நோய்னு சொல்லிட முடியுமா?

முதல்ல கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

நம்ம உடம்பில் பாதிக்கு மேலே தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ரெண்டு ஹைட்ரஜன் அணு. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான், அது குட்டியான ஒரு காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். பெரிய காந்தத்துக்குள்ளே உடம்பை வைத்தால் இந்தக் குட்டிக் காந்தங்களில் சற்றே அதிகமானவை ஒரே பக்கம் சாயும். அப்போது சரியான அலைவரிசையில் ஒரு ரேடியோ அலையை அனுப்பினால் அவை நிலை புரளும். அலையை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவையே மெல்லிய ரேடியோ சிக்னல் ஒன்றை வெளியே அனுப்பும். 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த அலைவரிசை ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ். நாம கேட்கிற எஃப்.எம். 88-ல ஆரம்பிக்குது, அதுக்குப் பக்கத்து வீடு. அதனாலதான் ஸ்கேன் அறையின் சுவருக்குள்ளே செம்புத் தகடு பதிச்சிருப்பாங்க, வெளி ஊர் ரேடியோ உள்ளே நுழையாம இருக்க.

இதை முதலில் கண்டவர்களுக்கு மருத்துவம் நினைப்பிலேயே இல்லை. 1938-ல் நியூயார்க்கில் இசிடோர் ராபி, வெற்றிடத்தில் பாயும் மூலக்கூறுக் கற்றையில் இந்த அதிர்வைக் கண்டுபிடித்தார். 1946-ல் ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக் தண்ணீரிலும், ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் மெழுகிலும், ஒருவரை ஒருவர் அறியாமலே, அதைக் காட்டினார்கள். மூவருக்கும் நோபல் கிடைத்தது. வேதியியல்காரர்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டு கால் நூற்றாண்டு காலம் சோதனைக்குழாய்களை மட்டும் அளந்துகொண்டிருந்தார்கள். ராபி 1988 ஜனவரியில் காலமானார். அதற்குச் சற்று முன்பு அவரையே எம்.ஆர்.ஐ.-க்குள் படுக்கவைத்தார்கள். பளபளப்பான உட்சுவரில் தன் முகம் கோணலாகத் தெரிந்ததையும், தன் வேலை இங்கே வந்து சேரும் என்று தான் நினைத்ததே இல்லை என்பதையும் அவர் பிறகு சொல்லியிருக்கிறார்.

இனி சண்டை.

புரூக்ளினில் ரேமண்ட் டமாடியன் என்று ஒரு டாக்டர். சிறுவயதில் ஜூலியார்டு இசைப்பள்ளியில் வயலின் படித்தவர். பிடிவாதக்காரர். அவருடைய யோசனை எளிமையானது. புற்றுநோய் வந்த செல்லில் இருக்கும் தண்ணீரும் நல்ல செல்லில் இருக்கும் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்காது. அப்படியானால் அந்தக் குட்டிக் காந்தங்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரமும் மாறுமே? பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் அருகே நியூ கென்சிங்டன் என்ற சிற்றூரில் இந்த அளவீட்டுக் கருவிகளைச் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே எலிகளைக் கொண்டுபோய் அறுத்து, கட்டியையும் நல்ல திசுவையும் அளந்து பார்த்தார். கட்டியில் அந்த நேரம் நீளமாக இருந்தது. 1971 மார்ச்சில் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. கத்தி வைக்காமல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று வரும் என்று அவர் அன்றிலிருந்தே சொல்லத் தொடங்கிவிட்டார்.

கவனிங்க, டமாடியன் தேடினது படம் இல்ல. ஒரு எண். தெர்மாமீட்டர் 102 காட்டினா காய்ச்சல்னு சொல்ற மாதிரி, இந்த எண் இதைத் தாண்டினா புற்றுநோய்.

அதே ஆண்டு, அதே கம்பெனி. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் பால் லாட்டர்பர் அந்தக் கோடையில் கம்பெனியை நடத்தும் பொறுப்பில் இருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்த ஓர் இளம் ஆய்வாளர் டமாடியனின் எலிச் சோதனையைத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். லாட்டர்பர் பக்கத்தில் நின்று பார்த்தார். வேறுபாடு உண்மைதான். ஆனால் எலியைக் கொன்று, துண்டு துண்டாக எடுத்து அளப்பது அவருக்குச் சகிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, துண்டை வெட்டி எடுத்த பிறகு இந்த இயந்திரம் எதற்கு? மைக்ராஸ்கோப்பே போதுமே. உடம்பை முழுசாக உள்ளே வைத்தால், சிக்னல் வருகிறது, சரி. அது ஈரலிலிருந்து வருகிறதா, இதயத்திலிருந்து வருகிறதா? தெரிய வழியில்லை.

1971 செப்டம்பர் 2 அன்று சாயங்காலம் ஊரில் இருந்த ஒரு ஹாம்பர்கர் கடையில் உட்கார்ந்திருந்தபோது விடை தட்டியது. காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் அதுவரை பாடுபட்டார்கள். இவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். வேண்டுமென்றே புலத்தை ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் சரித்து வைத்தால்? வீணையில் மெட்டு மெட்டாக விரல் நகர நகரச் சுரம் ஏறும் இல்லையா, அந்த மாதிரி, உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனி அலைவரிசை கிடைக்கும். சுரத்தைக் கேட்டால் எந்த மெட்டு என்று சொல்லிவிடலாம். சரிவின் திசையை மாற்றி மாற்றி அளந்து சேர்த்தால் படம் வந்துவிடும். மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்தார்.

அந்தச் சரிவைச் சுருள் கம்பிகளில் மின்சாரம் பாய்ச்சித்தான் உண்டாக்குகிறார்கள். படம் எடுக்கும்போது அந்த மின்சாரத்தைப் படுவேகமாகப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி மாற்ற வேண்டும். பெரிய காந்தத்துக்குள்ளே இருப்பதால் ஒவ்வொரு முறையும் அந்தச் சுருள் உதறும். உள்ளே படுத்திருந்தப்ப நான் கேட்ட டக் டக் சத்தம் அதுதான். காதைப் பொத்திக்கிட்டு இருபது நிமிஷம் கேட்டது லாட்டர்பரோட ஹாம்பர்கர் கடை யோசனைன்னு அப்ப எனக்குத் தெரியாது.

அவர் எழுதிய கட்டுரையை நேச்சர் இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் திருத்தி எழுதிப் போராடி, 1973 மார்ச் 16 அன்று வந்தது. அதில் இருந்த படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு மில்லிமீட்டர் குழாய்க்குள்ளே கனநீர், அதற்குள்ளே சாதாரணத் தண்ணீர் நிரம்பிய ஒரு மில்லிமீட்டர் குழாய் ரெண்டு. படத்தில் ரெண்டு மங்கலான திட்டு. அவ்வளவுதான். ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதை ஒரு கீறல் இல்லாமல் தண்ணீரே சொல்லிவிட்டது. புற்றுக்கட்டியில் அந்த நேரம் நீளும் என்பதையும் லாட்டர்பர் அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டார். அதற்கு மேற்கோளாக டமாடியன் பெயரைச் சொல்லவில்லை. டமாடியன் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. மனித உடல் நுழையும் அளவுக்கு ஒரு இயந்திரத்தைத் தன் மாணவர்களோடு சேர்ந்து கையாலேயே கட்டினார். பெயர் இன்டாமிடபிள், அடங்காதவன்னு வெச்சுக்கலாம். முதலில் அவரே உள்ளே உட்கார்ந்தார், சிக்னலே வரவில்லை. ஆள் பருமன், சுருள் தாங்கவில்லை. காந்தத்துக்குள் உட்கார்ந்தவருக்கு ஏதாவது ஆகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டு, ஒல்லியான மாணவர் லாரி மிங்காஃப் சம்மதித்தார். 1977 ஜூலை 3. ஒரு புள்ளியை அளப்பது, ஆளைக் கொஞ்சம் நகர்த்துவது, அடுத்த புள்ளி. 106 புள்ளிகளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கடைசியில் நெஞ்சின் ஒரு குறுக்குவெட்டுப் படம் கிடைத்தது. மனித உடம்பு முழுசாக உள்ளே போன முதல் ஸ்கேன் அதுதான். ஆனால் இந்தப் புள்ளி புள்ளியான முறையை அதற்குப் பிறகு யாரும் தொடரவில்லை. பாதை லாட்டர்பரின் சரிவு வழியாகத்தான் போனது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அந்தச் சரிவை எப்படிக் கணக்காகவும் வேகமாகவும் பயன்படுத்துவது என்று காட்டினார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குப் போனவர் அவர், அது தனி எபிசோடுக்கான கதை.

நோயாளிகிட்ட இது எப்போ போச்சு? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஸ்காட்லாந்தின் அபர்டீன். ஜான் மாலர்டின் குழு 1974-ல் ஒரு செத்த எலியைப் படம் எடுத்தது. கழுத்தை முறித்துக் கொன்ற எலி. படத்தில் அந்த முறிவைச் சுற்றி நீர் கோத்திருந்த இடம் தனியாகத் தெரிந்தது. உள்ளே நடந்த ஒரு கேடு, வெளியிலிருந்து எடுத்த படத்தில். ஆறு ஆண்டு கழித்து, 1980 ஆகஸ்ட் 28 அன்று, பக்கத்து மீன்பிடி ஊரான ஃப்ரேஸர்பரோவிலிருந்து வந்த ஒரு நோயாளியை அவர்கள் கட்டிய முழு உடல் இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் கட்டி, ஈரலில் கோளாறு, எலும்பில் பரவிய புற்று, மூன்றும் தெரிந்தன. இன்றைய மெஷின்களோடு ஒப்பிட்டால் அந்தக் காந்தம் பொம்மை மாதிரி, 0.04 டெஸ்லா.

சி.டி. ஸ்கேன்தான் ஏற்கெனவே இருக்கே, அப்புறம் இது எதுக்குன்னு அன்னிக்கு நிறைய டாக்டர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே இருந்த இயந்திரம் இ.எம்.ஐ. செய்தது. பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனி. முதல் சி.டி. ஸ்கேனரும் அவர்களுடையதுதான்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். நரம்பின் மேலுறையை உடம்பே தின்றுவிடும். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில் தொடங்கும். ஒரு நாள் ஒரு கண் மங்கும், பிறகு சரியாகிவிடும். எட்டு மாதம் கழித்துக் கால் மரத்துப்போகும், அதுவும் சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் எதுவும் இருக்காது. டென்ஷன், மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் பாதிப்பு வந்தால்தான் இந்த நோய் என்று உறுதி செய்ய முடியும். அதாவது அடுத்த தாக்குதலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

1981-ல் ஹேமர்ஸ்மித் குழு இந்த நோய் உள்ள 10 பேரை இரண்டு விதமாகவும் படம் எடுத்தது. சி.டி.யில் தெரிந்த பாதிப்புகள் 19. புதிய இயந்திரத்தில் அந்த 19-ம் தெரிந்தன, அவற்றோடு இன்னும் 112. காரணம் எளிது. எக்ஸ் கதிருக்கு மேலுறை போன நரம்பும் நல்ல நரம்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தண்ணீருக்கு அப்படி இல்லை. மேலுறை போன இடத்தில் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும். டமாடியன் சொன்னாரே, கெட்டுப்போன திசுவில் தண்ணீர் வேறு பதில் சொல்லும் என்று, அது இங்கேதான் பலித்தது. அந்தப் பதிலோடு லாட்டர்பரின் முகவரியும் சேர்ந்தபோது. 2001-ல் இந்த நோய்க்கான சர்வதேச விதிகளே மாறின. இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல், அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ. படங்களையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. கண் மங்கி வந்த ஓர் இருபத்தைந்து வயதுக்காரருக்கு இதன் அர்த்தம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. மருந்து சில வருஷம் முன்னாடியே கிடைக்கும். உனக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் காரணம்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இதற்கிடையே பெயரும் மாறியது. முதலில் நியூக்ளியர் மேக்னடிக் ரெசொனன்ஸ் என்றுதான் சொன்னார்கள். பனிப்போர்க் காலத்தில் நியூக்ளியர் என்ற சொல்லைக் கேட்டு எந்த நோயாளி உள்ளே படுப்பார்? இதில் கதிர்வீச்சு ஆபத்து இல்லை, அணுக்கரு என்ற பொருளில் வந்த சொல்தான். இருந்தாலும் எண்பதுகளின் தொடக்கத்தில் அதை மெதுவாகக் கழற்றிவிட்டார்கள்.

பக்கவாதத்தில் இது செய்ததையும் சொல்லணும். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் சில நிமிடங்களில் செல்கள் வீங்கும், அவற்றைச் சுற்றித் தண்ணீர் அசையும் இடம் சுருங்கும். தண்ணீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதை அளக்கும் முறையை எண்பதுகளில் பிரான்ஸின் டெனி லெ பிஹான் மூளைக்குக் கொண்டுவந்தார். 1990-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லி குழு பூனைகளில் சோதித்தபோது, மற்றப் படங்களில் எதுவும் தெரியாத முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதித்த இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. இன்றும் அவசரத்தில் பெரும்பாலும் முதலில் எடுப்பது சி.டி.தான். அது வேகம், ரத்தக்கசிவா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். ஆனால் புதிதாகச் செத்துக்கொண்டிருக்கும் மூளைப்பகுதி எது என்று கேட்டால், பதில் இந்தப் படத்தில்தான்.

2003 அக்டோபரில் நோபல் அறிவித்தார்கள். லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு. மூன்று பேருக்கு வரை தரலாம். மூன்றாவது நாற்காலி காலி. டமாடியன் பெரிய அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, நடந்தது வெட்கக்கேடு, திருத்துங்கள் என்று கேட்டார். திருத்தவில்லை. 2022-ல் அவர் இறந்துபோனார்.

எனக்குக் கேட்டா, அந்த நாற்காலியில் அவரை உட்கார வெச்சிருக்கலாம். ஆனா அவர் சொன்ன வடிவத்தில் அவர் கனவு பலிக்கல என்பதையும் சேர்த்துத்தான் சொல்லணும். அந்த நேரம் புற்றுநோயில் மட்டும் நீளுவதில்லை. வீங்கின திசுவிலும் நீளும், அழற்சியிலும் நீளும், ஒவ்வோர் உறுப்புக்கும் இயல்பிலேயே அது வேறு. இந்த எண்ணைத் தாண்டினால் புற்றுநோய் என்று கோடு கிழிக்க முடியவில்லை. இயந்திரம் படம் தரும். அது நோயா என்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவர், எதிரே இருக்கும் ஆளையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போ என் டிஸ்க்குக்கு வரேன்.

1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படம் படிப்பவர்கள் எல்லாம் நார்மல் என்று முன்முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று, வலி உள்ள 27 பேரின் படங்களையும் நடுவே கலந்து வைத்தார்கள். வலி இல்லாத அந்த 98 பேரில் எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான். 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் பல்ஜ். நல்லா நடக்கிறாங்க, ஓடுறாங்க, ஒரு வலியும் இல்ல. 2015-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வலியில்லாதவர்களின் படங்களைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில், இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ், எண்பது வயதில் 84 சதவீதம்.

நான் ஃபிலிம் கவரைத் தூக்கிக்கிட்டு ஒரு எலும்பு டாக்டர்கிட்ட போனேன். அம்மா வயசு இருக்கும் அவங்களுக்கு. கவரை வாங்கி மேஜை மேல வெச்சுட்டாங்க, பிரிக்கவே இல்ல. "நடங்க பார்ப்போம்"னாங்க. குதிகாலில் நட, நுனிக்காலில் நட. படுக்க வெச்சுக் காலை நீட்டித் தூக்கினாங்க, முழங்காலில் தட்டினாங்க, கட்டைவிரலை மடக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினாங்க. ஒண்ணுக்குப் போறதில் கஷ்டம் இருக்கா, தொடை நடுவில் மரத்துப்போகுதான்னு கேட்டாங்க. இருந்தா அன்னிக்கே அட்மிட் பண்ணியிருப்பேன்னாங்க. இல்லைன்னேன். கடைசியாத்தான் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாங்க, பத்து செகண்ட்.

"இதை ஏன்மா முன்னாடியே எடுத்தீங்க? உங்க வயசுல பாதிப் பேரைப் படுக்கவெச்சா இப்படித்தான் வரும். எக்ஸர்சைஸ் எழுதித் தரேன், ஆறு வாரம் பண்ணிட்டு வாங்க."

ஐந்தாவது வாரம் வலி போயிடுச்சு. அந்த கவர் இன்னும் பீரோ மேலதான் இருக்கு. பல்ஜ் இப்பவும் அங்கேயே இருக்கலாம், நான் மறுபடி எடுத்துப் பார்க்கல.